சொல்லி வைத்த காமாலை

எதிர் ஃபிளாட்டுக்கு அவர்கள் குடிவந்த புதிதில் ஒரு சாயங்காலம் குப்பை கொட்டக் கீழே இறங்கினேன். படி திரும்பும் இடத்தில் அந்த வீட்டுப் பெண் நின்றுகொண்டிருந்தாள். நைட்டி, தலை நிறைய எண்ணெய், காலில் செருப்பு. யாருக்காவது காத்திருக்கிறாயா என்று கேட்டேன். இல்லையாம். ஊரிலிருந்து அத்தை போன் செய்து இவளிடம் பேச வேண்டும் என்றிருக்கிறாள். அம்மா, 'அவ வெளிய போயிருக்கா' என்று சொல்லிவிட்டாள். அதனால் இவள் வெளியே வந்து நிற்கிறாள்.

"சொல்லியாச்சுல்ல," என்றாள், ஏதோ மழை வருகிறது என்று சொல்வதைப்போல.

சரியான லூசு என்று நினைத்துக்கொண்டே குப்பையைக் கொட்டிவிட்டு வந்தேன். அந்த வார்த்தையை அப்போதெல்லாம் வாயில் வந்தபடி சொல்வோம். இப்போது யாராவது சொன்னால் எனக்குச் சுள்ளென்று வருகிறது. என் ஆபீசில் இதற்காகவே இரண்டு பேர் என்னோடு பேசுவதில்லை. போகட்டும்.

அவள் பெயரைச் சொல்ல மாட்டேன். மந்தைவெளியில் எங்கள் ஃபிளாட்ஸில் இருந்தவர்கள் யாராவது படித்தால் பெயர் சொல்லாமலே கண்டுபிடித்துவிடுவார்கள். அந்த அளவுக்கு எல்லோர் வாயிலும் விழுந்து எழுந்தவள். அப்பாவுக்கு தி.நகரில் பாத்திரக்கடை. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அவர் வாய் திறந்தால் ஊர் மணக்கும். அவளும் நானும் ஒரே காலேஜில் ஒரே பி.காம். வகுப்பில் சேர்ந்தது தற்செயல்தான். காலையில் பறக்கும் ரயிலில் ஒன்றாகப் போவோம், ஒரே பெஞ்சில் உட்காருவோம், ஒரே டப்பாவில் சாப்பிடுவோம்.

அவளுக்குப் பொய் சொல்ல வராது. பெருமைக்காகச் சொல்லவில்லை. சிலருக்கு விசில் அடிக்க வராது இல்லையா, அப்படி வராது. முதல் வருஷக் கடைசியில் ஒரு அசைன்மெண்டை வகுப்பில் பாதிப் பேர் செய்யவில்லை. ஒருத்தனுக்குப் பாட்டி செத்துப்போனாள். அந்தப் பாட்டி ஏற்கனவே தீபாவளிக்கு முன்னால் ஒருமுறை செத்தவள்தான். ஒருத்திக்கு லேப்டாப்பில் தண்ணீர் கொட்டிவிட்டது. எனக்கு வயிற்றுவலி. இவள் எழுந்து நின்று, "செய்யணும்னு தோணலை சார்," என்றாள். பாட்டி செத்தவனுக்கு ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார்கள், இவளை வெளியே நிற்க வைத்தார்கள். திமிர் பிடித்தவள் என்று வகுப்பே சொன்னது. அவள் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை என்பது யாருக்கும் தெரியவில்லை. எதுவுமே செய்யத் தோன்றாமல் போகும் ஒரு வியாதி அவளுக்குள் அப்போதே வந்து உட்கார்ந்திருந்தது.

இரண்டாம் வருஷம் ஒரு நாள் காலை பெல் அடித்தபோது கதவைத் திறந்தது அவள் அம்மா. வழியை மறித்துக்கொண்டு நின்றார். "பிள்ளைக்குக் காமாலை கண்டிருக்கும்மா. காலேஜ்ல சொல்லிரு," என்றார். நான் சொன்னேன். காலேஜில் மட்டும் சொல்லியிருக்கலாம். என் அம்மாவிடமும் சொல்லித் தொலைத்தேன்.

காமாலை என்று கேட்டுவிட்டால் நம் ஜனங்களுக்கு வரும் உற்சாகம் இருக்கிறதே, அது வேறு எந்த நோய்க்கும் வராது. காய்ச்சல் என்றால் டாக்டரிடம் போ என்பார்கள். காமாலை என்றால் ஒவ்வொருவரும் டாக்டர். என் அம்மா பக்கத்துக் காலி மனையில் இறங்கி கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி, அரைத்து, மோரில் கலக்கி, வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டும் என்று விடிகாலையிலேயே போய் நின்றாள். முதல் மாடி மாமி கரும்புச் சாறு அனுப்பினாள். வாட்ச்மேன் இளநீர் கொண்டுவந்தார். உப்புக் கூடாது, எண்ணெய் கூடாது, புளி கூடாது, மீன் வாசனைகூடக் கூடாது. வருகிறவர்கள் எல்லோரும் அவள் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்கள். பாலைப்போல வெளுத்திருந்த கண்ணைப் பார்த்துவிட்டு என் அம்மா, "இன்னும் மஞ்சள் எறங்கலை," என்றாள். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். எங்கள் ஃபிளாட்ஸில் பார்க்க வந்தவர்களுக்குத்தான் அந்தக் கண்.

ஒரு வாரம் கழித்து என்னை உள்ளே விட்டார்கள். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பக்கத்து ஸ்டூலில் பேஸ்ட் வைத்த பிரஷ் காய்ந்து கிடந்தது. காலையில் பல் தேய்க்கலாம் என்று பேஸ்டை வைத்திருக்கிறாள், அதற்கு மேல் முடியவில்லை. மணி மூன்று. எனக்குப் பயமாக இருந்தது.

"காமாலை இல்லடி," என்றாள், சுவரிடம் சொல்வதைப்போல. "டிப்ரஷன். அடையார்ல ஒரு டாக்டரைப் பார்க்கிறோம். மாத்திரை போட்டா மத்தியானம் வரைக்கும் தலை தூக்க முடியலை. அம்மா காமாலைன்னு சொல்லிட்டாங்க. நீயும் அப்படியே வச்சுக்கோ."

அம்மாவின் கணக்கு எளிமையானது. படிப்பு முடிந்ததும் கல்யாணம். மனசுக்கு மருந்து சாப்பிடும் பெண் என்று தெரிந்தால் எவன் வருவான்? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்று பெரியவர்களே சொல்லியிருக்கிறார்கள். இவர் ஒரே ஒரு பொய்தானே சொன்னார்.

கூத்து அதற்குப் பிறகுதான். கொஞ்சம் தேறி எழுந்து நடமாடத் தொடங்கியதும், பெசன்ட் நகர் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மிளகாய் பஜ்ஜி வாங்கினேன். அவளுக்கு உயிர் அது. வேண்டாம் என்றாள். காமாலைக்கு எண்ணெய் ஆகாது. எனக்கு வந்ததே கோபம். உனக்குத்தான் காமாலையே இல்லையே, இங்கே உன்னை எவன் பார்க்கப் போகிறான், கடல் பார்க்குமா என்று கத்தினேன். அவள் நிதானமாக விளக்கினாள். நாளைக்கு யாராவது 'எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டியா' என்று கேட்டால் அவள் பொய் சொல்ல வேண்டிவரும். அது வராது. காமாலை என்ற பொய் அம்மாவுடையது. பத்தியத்தை இவள் நிஜமாகவே இருந்துவிட்டால், இவள் பங்குக்குப் பொய் எதுவும் இருக்காது. நான் இரண்டு பேருடைய பஜ்ஜியையும் தின்றேன். ஆத்திரத்தில் சட்னியைக்கூடத் தொடவில்லை.

இப்படி இரண்டு மாதம். இல்லாத நோய்க்கு உப்பில்லாத சோறு தின்று, இருக்கிற நோய்க்கு மாத்திரை போட்டுக்கொண்டு, சாப்பிடவே பிடிக்காத ஒரு பெண் இன்னும் இளைத்துப் போனாள். பார்த்தீர்களா, காமாலை எப்படி உருக்கிவிட்டது என்று முதல் மாடி மாமி உச்சுக்கொட்டினாள்.

மீன்காரம்மா ஒருத்தி இருந்தாள். ஊரூர் குப்பத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் கூடையோடு வந்து எங்கள் ஃபிளாட்ஸ் வாசலில் உட்காருவாள். இவர்கள் வீட்டில் மீன் வாங்குவது நின்றுபோனதில் அவளுக்கு மனக்குறை. ஒரு நாள் மேலேயே ஏறி வந்துவிட்டாள். "இன்னாமே, இவ்ளோ நாளா காமாலை எறங்காம கீது? எங்க குப்பத்துல ஒரு பெருசு கீறாரு. மந்திரிச்சி தண்ணி ஊத்துனா மஞ்சளா எறங்கிடும். இட்டுக்கினு வா," என்றாள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாளே. அப்பா, அம்மா, இவள், வேடிக்கை பார்க்க நான், நாலு பேரும் ஆட்டோ பிடித்துப் போனோம்.

படகுகளுக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார் அந்தப் பெரியவர். அவள் உள்ளங்கையில் எதையோ தடவித் தேய்க்கச் சொன்னார். வாய்க்குள் முணுமுணுத்தபடி சொம்புத் தண்ணீரை ஊற்றினார். கீழே இருந்த வெள்ளைத் தட்டில் மஞ்சள் மஞ்சளாக விழுந்தது. நான் கண்ணால் பார்த்தேன். வராத காமாலை அத்தனையும் இறங்கிவிட்டது. ஆட்டோவில் திரும்பி வரும்போது அவள் அப்பா யோசனையாகவே இருந்தார். அடையார் பாலத்தில் வண்டி ஏறியபோது மெதுவாக, "அப்பம் கொஞ்சம் காமாலையும் இருந்திருக்கும் போல," என்றார். எவ்வளவு ஆசையாகச் சொன்னார் தெரியுமா? மகளுக்கு வேறெதுவும் இல்லை, காமாலைதான் என்று யாராவது சத்தியம் செய்து கொடுத்தால் கடையையே எழுதி வைத்திருப்பார். அவள் வெளியே பார்த்துக்கொண்டு சிரித்தாள். நோய் வந்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

காலேஜில் அந்த முறை காமாலை சர்டிஃபிகேட் செல்லுபடி ஆனது. அட்டெண்டன்ஸ் குறைந்தாலும் ஹால் டிக்கெட் கொடுத்துவிட்டார்கள். அரியர் மட்டும் இரண்டு விழுந்தது.

மூன்றாம் வருஷத் தொடக்கத்தில் மறுபடி படுத்துவிட்டாள். மறுபடி காமாலை என்றால் சந்தேகம் வரும் என்று, இந்தத் தடவை அப்பெண்டிக்ஸ். கடைக்குப் பக்கத்தில் கிளினிக் வைத்திருந்த ஒரு டாக்டர், அப்பாவிடம் பாத்திரச் சீட்டு கட்டும் பழக்கத்தில் எழுதிக் கொடுத்தார். அவளும் சொன்னபடி அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் ஆனவளாக இருந்தாள். குனிந்து ஒரு பொருளை எடுக்க மாட்டாள். பறக்கும் ரயில் ஸ்டேஷன் படிகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஏறுவாள். அப்பெண்டிக்ஸ் வலப்பக்கம், நீ பிடித்திருப்பது இடப்பக்கம் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னபோது நன்றி சொல்லிக் கையை மாற்றினாள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு சம்பந்தம் வந்தது. அவர்கள் ஊர்க்காரர்கள், தி.நகரில் நகைக்கடை. எல்லாம் பொருந்தி, பையன் வீட்டார் வழக்கம்போல அக்கம்பக்கத்தில் விசாரித்திருக்கிறார்கள். எங்கள் வாட்ச்மேன் நல்ல மனிதர். உள்ளதை உள்ளபடி சொன்னார்: தங்கமான பொண்ணு சார், காமாலை மட்டும் ஒருவாட்டி ரெண்டு மாசம் எறங்கவே இல்லை. அவ்வளவுதான். ஈரல் கெட்ட பெண் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவள் அம்மா எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து அழுதார். என் மகளுக்குக் காமாலையே வந்ததில்லை என்று அவர் போய்ச் சொல்ல முடியுமா? அப்படியானால் என்னதான் வந்தது என்று கேட்பார்களே. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. என் அம்மா தொடையில் கிள்ளினாள். ஆனால் பாவம், அந்த அழுகையைப் பார்த்த பிறகு அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கடைசி செமஸ்டர். எங்களுக்கெல்லாம் கேம்பஸ் இண்டர்வியூ, கடைசி நாள் புடவை என்று தலைகால் புரியாத நேரம். அவளோ வாரத்தில் இரண்டு நாள் வருவாள், மூன்று நாள் வர மாட்டாள். மாத்திரையை மாற்றியிருந்தார்கள். முன்னைவிடத் தேவலை. அரியர் இரண்டையும் எழுதி முடித்திருந்தாள். இந்தத் தேர்வை மட்டும் எழுதிவிட்டால் டிகிரி கைக்கு வந்துவிடும். மெத்தையில் உட்கார்ந்து, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்தை ஒரு மணி நேரம் படிப்பாள். அவள் உயிரைக் கொடுத்துப் படித்தாள் என்று நான் சொன்னால் அது வெறும் பேச்சில்லை. பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

ஆனால் அட்டெண்டன்ஸ் மறுபடியும் போதவில்லை. அப்பா பதறியடித்துக்கொண்டு அதே கிளினிக்குக்கு ஓடினார். கடையில் சாமான் ஆர்டர் கொடுத்துப் பழகிய வாய். "போன தடவ குடுத்ததே குடுங்க டாக்டர்," என்றிருக்கிறார். டாக்டரும் போன தடவை கொடுத்ததையே கொடுத்தார்.

அட்டெண்டன்ஸ் குறைந்தவர்களைப் பெற்றோருடன் பிரின்சிபால் அறைக்கு வரச் சொன்னார்கள். நான் வகுப்புப் பிரதிநிதி என்பதால் கூடப் போய் ஓரமாக நின்றேன். பிரின்சிபால் மேடம், எங்கள் துறைத்தலைவர், ஆபீஸ் சூப்பிரண்டு மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். சூப்பிரண்டு என்றால் எங்களுக்குச் சிம்மசொப்பனம். ஐ.டி. கார்டைக் கழுத்தில் மாட்டாமல் வந்தால் கேட்டிலேயே திருப்பி அனுப்புகிறவர். ஹால் டிக்கெட் அவர் கையால்தான் வர வேண்டும்.

துறைத்தலைவர் சர்டிஃபிகேட்டையும் பழைய ஃபைலையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு மிக மரியாதையாக, மனிதனுக்கு அப்பெண்டிக்ஸ் எத்தனை என்று அவள் அப்பாவைக் கேட்டார்.

"ஒண்ணுதான்னு நினைக்கேன் சார்," என்றார் அப்பா.

அப்படியானால் இரண்டாவது தடவை எதை எடுத்தார்கள் என்று அவர் கேட்டார். அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. முதல் தடவை சரியாக எடுக்கவில்லை, கொஞ்சம் மிச்சம் இருந்தது என்று என்னவோ உளறினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்த மனிதர். கையில் சோறும் தீர்ந்துவிட்டது. பார்க்கப் பாவமாக இருந்தது.

அப்போது அவள் பேசினாள். "எனக்கு அப்பெண்டிக்ஸ் அப்படியேதான் இருக்கு சார். காமாலையும் வந்ததில்லை. எனக்கு டிப்ரஷன். ரெண்டு வருஷமா மாத்திரை சாப்பிடறேன்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் நடந்தது நான் நினைத்ததல்ல. துறைத்தலைவர் அதை நம்பவில்லை. காமாலையை நம்பினார், ஒரு அப்பெண்டிக்ஸை நம்பினார், இதை நம்பவில்லை. தலை வாரி, பொட்டு வைத்து, நேராக நின்று பேசுகிறவளுக்கு என்ன டிப்ரஷன் என்றார். காமாலை என்றால் கண்ணில் தெரியும், இது எங்கே தெரியும் என்றார். அட்டெண்டன்ஸுக்காக இந்தக் காலத்துப் பிள்ளைகள் எது வேண்டுமானாலும் சொல்லும் என்றார். பிறந்ததிலிருந்து பொய் சொல்ல வராதவளைப் பார்த்து, "பொய் சொல்லாதம்மா," என்றார்.

அவள் முகம் அப்படியே வெளிறியது. அவள் அப்பா எழுந்தார். நாற்காலி பின்னால் சரிந்தது.

"எம்மக பொய் சொல்லல சார். சொன்னது பூரா நான். அவளுக்கு மனசுக்கு முடியல. ராத்திரி எந்திரிச்சு மூச்சு விடுதாளான்னு பாத்துட்டுப் படுக்கேன், தெரியுமா? கல்யாணம் கெட்டுப் போயிருமேன்னு காமாலைன்னு சொல்லிட்டோம். தப்பு எங்க மேல. அவள எழுத விடுங்க."

பிரின்சிபால் மேடம் அவளை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். நல்லவர்தான். உண்மையான டாக்டரின் சர்டிஃபிகேட்டோடு பல்கலைக்கழகத்துக்கு எழுதலாம், சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது, ஆனால் பதில் வர நாளாகும், தேர்வோ அடுத்த வாரம் என்று கவலைப்பட்டார்.

அப்போதுதான் சூப்பிரண்டு தொண்டையைக் கனைத்தார். குரலே எழும்பவில்லை. "பேசாம அப்பெண்டிக்ஸை எடுத்துட்டு, காமாலைன்னு ஒண்ணு வாங்கி வச்சுடலாம் மேடம். காமாலைன்னா எங்கயும் கேள்வி கேக்க மாட்டாங்க. பொண்ணுக்கு வருஷம் வீணாகாது," என்றார்.

என்ன ஒரு யோசனை. எல்லோர் முகத்திலும் வெளிச்சம் வந்தது. துறைத்தலைவர்கூடத் தலையாட்டினார். அப்பா கையெடுத்துக் கும்பிட்டே விட்டார். இரண்டு வருஷம் சுற்றி வந்து, கடைசியில் காலேஜே முன்னின்று அவளுக்குக் காமாலை கொடுத்தது. எல்லோரும் அவளைப் பார்த்தோம். 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"வேணாம் சார்," என்றாள்.

ஹால் டிக்கெட் கிடைக்கவில்லை. நாங்கள் எல்லோரும் எழுதினோம், அவள் எழுதவில்லை.

அன்றைக்கு ரயிலில் அவளை நான் திட்டிய திட்டில், எதிர் சீட்டில் இருந்தவர் இடம் மாறி உட்கார்ந்துவிட்டார். பைத்தியமா உனக்கு என்று வாய் வரைக்கும் வந்து விழுங்கினேன். ஒரு காகிதத்தில் காமாலை என்று இருந்தால் உனக்கென்ன, டிகிரியில் வியாதியின் பெயரையா அச்சடிக்கப் போகிறார்கள் என்று கேட்டேன். கிரீன்வேஸ் ரோடு தாண்டியதும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு வருஷமா எல்லாரும் என் ஈரல் எப்படி இருக்குன்னு கேட்டாங்கடி," என்றாள். "நான் எப்படி இருக்கேன்னு யாரும் கேக்கல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மந்தைவெளியில் இறங்க மறந்து அடுத்த ஸ்டேஷன்வரை போய்த் திரும்பி வந்தோம்.

அதற்குப் பிறகு அவள் அப்பாவைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. மடை திறந்ததுபோல ஆகிவிட்டார். பால்காரர், தபால்காரர், கடைக்குக் குக்கர் வாங்க வந்த கல்யாண வீட்டார், யாரிடமும் தானாகவே ஆரம்பித்துவிடுவார்: எம்மகளுக்குக் காமாலை இல்லைங்க, டிப்ரஷன். கேட்டவர்கள் குக்கரை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பார்கள். வாட்ச்மேன் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதுக்கு இன்னா சார் பத்தியம்?" என்றார். மீன்காரம்மா, அதுக்கும் பெருசு மந்திரிப்பார் என்றாள், ஆனால் மீன் சாப்பிடலாமா கூடாதா என்பதை முதலில் தெளிவாகச் சொல்லச் சொன்னாள். என் அம்மாவுக்குத்தான் கடும் கோபம். எத்தனை நாள் முள்ளில் இறங்கி கீழாநெல்லி பறித்திருப்பேன், ஒரு வார்த்தை சொன்னார்களா என்று பொருமினாள். ஒரு மாதம் பேசவில்லை. பிறகு ஒரு நாள் ஒன்றும் நடக்காததுபோல ரசம் வைத்து எடுத்துக்கொண்டு போய், அவள் கட்டிலில் உட்கார்ந்து, "தூக்கம் வருதாடி உனக்கு?" என்று கேட்டாள். என்னை அம்மா அப்படிக் கேட்டதில்லை.

அவள் டிகிரி முடித்ததையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மனசு அதிலேயே நிற்கும். அடுத்த வருஷம், அடையார் டாக்டரின் சர்டிஃபிகேட் பல்கலைக்கழகம் வரை போய் வந்தது. ஜூனியர்களோடு மறுபடி அந்த செமஸ்டரில் உட்கார்ந்தாள். காலை முதல் வகுப்புக்கு வராமல் இருக்க அனுமதி கொடுத்தார்கள். நடுவில் ஒரு முறை மூன்று வாரம் படுத்தாள், எழுந்தாள். பாஸ் செய்தாள். பெரிய மார்க் எல்லாம் இல்லை. இப்போது வேறு ஊரில் இருக்கிறாள். எப்போதாவது பேசுவோம்.

ஆனால் அவளை நினைத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தத் தேர்வுக்காக அவள் ஹால் டிக்கெட் வாங்கப் போன நாள்தான். நான் அப்போது ஓ.எம்.ஆரில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். ஆபீஸ் ஜன்னலில் அதே சூப்பிரண்டு. வரிசை நீளமாக இருந்தது. எங்கள் முறை வந்ததும், அவள் ஐ.டி. கார்டை வாங்கிப் பார்த்தார், ஹால் டிக்கெட்டை எடுத்தார், முத்திரை குத்தினார். கொடுக்கவில்லை. விரலில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

மறுபடி என்ன கேட்கப் போகிறாரோ, கடைசி நேரத்தில் எந்த விதியைத் தூக்கிப் போடுவாரோ என்று ஜன்னலுக்குள் தலையை நீட்டினேன். சண்டை போடத் தயாராகவே இருந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"அந்த டாக்டர்," என்றார் அவளிடம். "அடையார்ல எந்தப் பக்கம்?"

அவள் சொன்னாள். டெப்போவில் இறங்கி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எந்த மருந்துக்கடைக்கு மாடி, எல்லாம் சொன்னாள். யாருக்கு சார் என்று கேட்டாள்.

"என் பையனுக்கும்மா. இன்ஜினியரிங் மூணாவது வருஷத்துல நின்னுட்டான். ரூமை விட்டு வெளிய வர்றதில்லை. எல்லாரும் கேக்கறாங்க. காமாலைன்னு சொல்லி வச்சிருக்கேன்."

வரிசையில் பின்னால் நின்ற பையன்கள், 'என்னக்கா லேட்டு' என்று முனகினார்கள். நான் திரும்பி ஒரு முறை முறைத்தேன்.

"கூட்டிட்டுப் போங்க சார். நல்ல டாக்டர்," என்றாள் அவள்.

"அங்க போனா என்ன கேப்பாங்க?"

"என்ன செய்யுதுன்னு கேப்பாங்க. நடந்ததை அப்படியே சொன்னாப் போதும்."

அவர் ஹால் டிக்கெட்டின் ஓரத்தை நகத்தால் நீவினார். எங்கள் காலேஜையே நடுங்க வைத்த மனிதருக்கு உதடு கோணிக்கொண்டு போனது.

"எனக்குத் தெரியாதேம்மா," என்றார். "நான் அவனைக் கேட்டதே இல்லையே."